பேந்து என்ற சொல்லும் பத்தொன்பது அடிக் காரும்

என் கணவர் கார் ஓடுவதை நிறுத்திய பிறகுதான் கார் தேடத் தொடங்கினார். இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை, தலைதான் சுற்றியது.

வீட்டு வாசலில் ஒரு நல்ல ஜப்பான் கார் நிற்கிறது. குளிரிலும் முதல் திருப்பிலேயே எழும்பும். பனி கரைந்த கையோடு அதன் திறப்பை, சாவியைத்தான் சொல்கிறேன், என்னிடம் தந்து, "இனி நீர் ஓடும், எனக்கு அலுப்பாக் கிடக்கு" என்றார். மொன்றியலின் புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் குடியிருந்துகொண்டு கார் ஓடாவிட்டால் ஒரு இறாத்தல் பாண் வாங்கக்கூட இன்னொருவரை எதிர்பார்க்க வேண்டும். கடைக்கும் கோயிலுக்கும் நானே ஓடினேன். அவர் பக்கத்தில் பெரிய மனிதர்போல உட்கார்ந்து வந்தார். தையல் தொழிற்சாலையில் முப்பது வருடம் மெஷின் திருத்தி ஓய்வு பெற்றவர், சோம்பல் முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படிப்பட்டவர் சித்திரை மாதத்தில் ஒரு மத்தியானம், சோற்றைப் பிசைந்தபடி, "ஒரு அமெரிக்கன் கார் வாங்குவம். எழுபதுகளிலை செய்தது. உள்ளதிலேயே பெரிசு" என்றார்.

"உங்களுக்கென்ன விசரே? வாசல்லை நிக்கிறதையே ஓடுறேல்லை. ஏன் உது?"

"பேந்து சொல்லுறன்."

யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பேந்து என்றால் பிறகு. ஆனால் என் கணவர் வாயில் வரும் பேந்துக்கு அகராதியில் இடமில்லை. குளியலறைக் குழாய் ஒழுகுவது பேந்து. கஸ்பே கடற்கரையைப் பார்க்கப் போவது பேந்து. கல்யாணம் கட்டிய வருடத்தில் நான் கேட்ட சில கேள்விகளுக்கும் இன்னும் பேந்துதான்.

விளம்பரங்களைத் தேடும் வேலை என் தலையில் விழுந்தது. கணினியில் எழுத்தைக் கோழிமுட்டை அளவுக்குப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, "உந்தப் பிரெஞ்சு எனக்கு ஓடாது, நீர் வாசியும்" என்பார். எனக்கு மட்டும் என்ன ஓடும்? நான் ஒரு கார்டெரியில், குழந்தைகள் காப்பகத்தில், சமைக்கிறேன். என் பிரெஞ்சு முழுவதும் மூன்று வயதுப் பிள்ளைகளிடம் படித்தது. கை கழுவு, இரு, படு, வாயை மூடிக்கொண்டு சாப்பிடு. அதற்கு மேல் போனால் தடுமாறுவேன்.

ஒரு விளம்பரத்தில் 'மினூன்' விற்பனைக்கு என்று இருந்தது. கார்டெரியில் பூனைக்குச் செல்லமாகச் சொல்லும் சொல் அது.

"இந்தாள் பூனை விக்கிறார்" என்றேன்.

"எத்தினை அடியாம்?"

பார்த்தால் பத்தொன்பது அடி என்று போட்டிருந்தது. எனக்குத் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. மகளுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். அவள் சிரித்து முடியும்வரை காத்திருந்தேன். "அம்மா, இஞ்சை பழைய கடகடத்த காரையும் அப்பிடித்தான் சொல்லுவினம்" என்றாள். அப்பா ஏன் அதைத் தேடுகிறார் என்று அவளும் என்னையே கேட்டாள்.

அந்தப் பூனையை அவர் குறித்து வைக்கச் சொன்னார். அதற்கு முன் லவாலில் ஒரு காரைப் பார்க்கப் போனோம். கறுப்பு நிறம், உள்ளே சிவப்பு இருக்கை, பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது. விற்கிறவன் கதவுகளைத் திறந்து திறந்து காட்டினான். என் கணவர் எதையும் பார்க்கவில்லை. முன்மூடியைத் திறக்கச் சொன்னார். கையை முழங்கைவரை எஞ்சினுக்குள் விட்டார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் துழாவினார். பிறகு கையை எடுத்து, "இதுக்குள்ளை கை போகேல்லை, வாரும் போவம்" என்றார். ஓடிப் பார்க்கட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனிதர் கார் வாங்க வந்தாரா, காப்புப் போட வந்தாரா என்று எனக்குக் குழம்பியது.

அன்று திரும்பி வரும்போது உண்மையிலேயே பயந்தேன். மறதி வியாதி இப்படித்தான் தொடங்கும் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. சிவப்பு விளக்கில் நிற்கும்போது, "மாதங்களைப் பின்னுக்கிருந்து சொல்லுங்கோ பாப்பம்" என்றேன். மார்கழியிலிருந்து தைவரை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "ஏன், உமக்கு மறந்துபோச்சே?" என்று கேட்டார். மூளையில் ஒரு குறையும் இல்லை. அப்படியானால் இந்த மனிதருக்கு என்னதான் நடக்கிறது? முப்பத்துநாலு வருடம் பக்கத்தில் படுத்தவரை எனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று ஆத்திரமாகவும் இருந்தது.

அடுத்த வாரம் கராஜை அளந்தார். அளவு நாடாவின் ஒரு நுனியைச் சுவரில் பிடித்துக்கொண்டு, "எத்தினை எண்டு நீர் பாத்துச் சொல்லும்" என்றார். இருபதடிக்கு ஓரங்குலம் குறைவு. அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கு இன்னும் எரிந்தது.

பத்தொன்பது அடிப் பூனை மொன்றியலின் கிழக்குப் பக்கத்தில், வீடுகளுக்குப் பின்னால் ஓடும் ஒரு சந்தில் நின்றது. பச்சைக் கார், வெள்ளைக் கூரை. விற்பவர் எழுபது தாண்டிய கெபெக் கிழவர், தொங்கு மீசை. கார் ஓடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கொண்டுபோவதென்றால் லொறி பிடித்து ஏற்ற வேண்டுமாம். என் கணவருக்கு அது காதில் ஏறவில்லை. மூடி திறந்தது, கை உள்ளே போனது, தோள் போனது, கிட்டத்தட்ட ஆளே போய்விட்டார். உள்ளேயிருந்து, "போகுது, போகுது!" என்று குரல் வந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. ஓடாத கார், எங்கள் கராஜ், அதைச் சுற்றி என்றைக்கும் வராத ஒரு பேந்து. அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவருடைய சொல்லையே எடுத்து அவர்மேல் எறிந்தேன்.

"பேந்து பாப்பம், வாங்கோ. பேந்து!"

கிழவரின் முகம் மாறிவிட்டது.

"பேந்த்?" என்றார்.

நான் விழித்தேன். அவர் பெருமூச்சு விட்டார். ஓமென்று தலையைக் குனிந்துகொண்டு, "உய், மதாம். பேந்த்" என்று சொல்லி, எங்களை வரச்சொல்லிக் கையைக் காட்டி, பின்கதவுப் பக்கம் போய் முழங்காலில் இருந்தார். என்ன நடக்கிறதென்று விளங்காமலே நானும் பின்னால் போனேன். கதவின் அடியில் விரலை வைத்துக் காட்டினார். பச்சை நிறத்துக்குக் கீழே அப்பளம் பொங்கியதுபோல மூன்று நான்கு கொப்புளங்கள். பனி உருகத் தெருவுக்குப் போடும் உப்புத் தின்று துருப்பிடித்த இடம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிரெஞ்சில் பேந்த் என்றால் பெயின்ட் அடித்தது. கறளை மறைக்க மேலே பெயின்ட் அடித்ததை இந்த மனிசி ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிட்டாள் என்று கிழவர் நினைத்துவிட்டார்.

என் கணவரும் வந்து குனிந்தார்.

"எங்கை? ஒண்டும் காணேல்லையே."

கிழவரின் விரல் கதவில் இருந்தது. என் கணவர் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். அவர் முகத்துக்குப் பக்கவாட்டில் என் கையை ஆட்டிப் பார்த்தேன். திரும்பவில்லை. இன்னும் கிட்டக் கொண்டுபோய் ஆட்டினேன். அவர் சில்லையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கையாலேயே அவர் கையைப் பிடித்து, கொப்புளத்தின்மேல் வைத்தேன்.

"ஓம், கறள்" என்றார் உடனே. விரல்கள் கதவின் அடியால் ஊர்ந்து போயின. "மூண்டு பெரிசு, ஒண்டு சின்னன். இஞ்சை ஓட்டை விழப்போகுது." கிழவர் காட்டாத இடம் அது.

கார்த் திறப்பு, கோழிமுட்டை எழுத்து, அளவு நாடா எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் இடித்தன. அந்தக் காரிலேயே சாய்ந்துகொண்டேன்.

"எப்ப இருந்து?"

"மாசியிலை டொக்டர் சொன்னவர். கண்ணுக்குள்ளை அமுக்கமாம். கரைப்பக்கம் பார்வை போட்டுது. நடுவிலையும் பனிப்புகார் மூடின மாதிரி. திரும்பி வராதாம். மருந்து விட்டா மிச்சம் மெல்லமாப் போகுமாம்."

"ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"பேந்து சொல்லுவம் எண்டு இருந்தன்."

"உய், உய்" என்றார் கிழவர் மிகுந்த வருத்தத்தோடு. "பேந்த்."

எனக்குச் சிரிப்பு வெடித்தது, அதோடு சேர்ந்து அழுகையும் வந்தது. எது எது என்று பிரிக்க முடியவில்லை. கிழவர் பயந்துபோய்ச் துணித் துண்டு ஒன்றை நீட்டினார். அதில் எஞ்சின் எண்ணெய் மணத்தது.

என் கணவர் காரைத் தடவியபடி கதைத்தார். அவர் அவ்வளவு வசனம் தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை. "இப்பத்தைக் கார்களுக்குள்ளை விரல் விட இடமில்லை. இதுக்குள்ளை ஒரு ஆளே நிக்கலாம். கண் கொஞ்சம் தெரியேக்கையே தொடங்கினா, எது எங்கை இருக்குது எண்டு கைக்குப் பழக்கிப்போடுவன். அதுக்குப் பிறகு கண் தேவையில்லை. எனக்கு ஓடுறதுக்கு இல்லையப்பா. எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது."

கிழவருக்கு ஒன்றும் விளங்காவிட்டாலும் ஏதோ முடிவாகிறது என்பது விளங்கியது. லொறிக்கு எப்போது சொல்லட்டும் என்று கேட்டார். என் கணவர் என்னை நோக்கித் திரும்பினார். எனக்குச் சற்றுத் தள்ளி, காரின் வெள்ளைக் கூரையைப் பார்த்து நின்றார். அவர் வாய் திறந்தால் என்ன சொல் வரும் என்று எனக்குத் தெரியும்.

"இண்டைக்கு" என்றேன். கிழவர் விழித்தார். அதற்குப் பிரெஞ்சு எனக்கு நன்றாகவே தெரியும். அம்மா இன்றைக்கு வருவாவா என்று பிள்ளைகள் தினமும் கேட்கிற சொல்.

"ஒஜூர்துய்" என்றேன்.

"உண்மையாவே?" என்றார் என் கணவர். "கறள் கிடக்கப்பா."

"நான் சுரண்டுறன்" என்றேன். "நீங்கள் இடத்தைக் காட்டுங்கோ."