மெத்தனால் நிரப்பிய குழாயுடன் ஒரு பஸ் பயணம்

என் கொழுந்தியாள் காஞ்சிரங்குளத்தில் ஒரு சின்ன ஆய்வகம் நடத்துகிறாள். ஆயுர்வேத மருந்தில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. கருவி அங்கே உண்டு. அதன் உயிர், பொடி இறுக்கி அடைத்த ஒரு சாண் நீள எஃகுக் குழாய். வேலை முடிந்தால், சோதனைக்கு ஓடவிட்ட கரைசலின் உப்பை முதலில் தண்ணீர்க் கலவையால் கழுவி, பிறகு மெத்தனால் ஓடவிட்டு, இரண்டு முனையையும் மூடி வைக்க வேண்டும். அவள் ஓணத்துக்கு உப்போடு விட்டுப் போனாள். வந்து பார்த்தால் குழாய் அடைத்துக் கிடக்கிறது. மறுநாள் காலை ஒரு கம்பெனியின் அரிஷ்டத்தை, அதாவது புளிக்கவைத்துச் செய்யும் ஆயுர்வேத மருந்தை, சோதித்துத் தராவிட்டால் அந்த வேலை கைவிட்டுப் போகும்.

"அத்தான், நீங்கதான் எங்கயாவது ஒண்ணு வாங்கித் தரணும்."

"உப்புப் போட்டு வைக்கது நெத்தோலி மீனை ஆக்கும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மார்த்தாண்டத்தில் கல்லூரி ஆசிரியரான நண்பர் தன் குழாயை இரவல் கொடுத்தார். அங்கேயே கழுவி, மெத்தனால் நிரப்பி, மூடி, பெட்டிமேல் பெரிய எழுத்தில் 'மெத்தனால்' என்று எழுதி ஒட்டினேன். உள்ளே இருப்பது என்னவென்று எழுதாத குழாயை நான் தொடுவதில்லை.

திரும்பும் பஸ் மாநில எல்லையைத் தாண்டியதும் சாராயச் சோதனைக்கு ஒரு அதிகாரி ஏறினார். என் மடியிலிருந்த பெட்டியின் எழுத்தைப் படித்தார்.

"சாரே, இது எந்தா?"

"எழுதியிருக்கே. மெத்தனால்."

"குடிக்கானோ?"

"குடிச்சா முதல்ல கண்ணு போகும். பொறவு ஆளும் போகும்."

பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது. முன்சீட்டில் பலாப்பழத்தோடு இருந்த அம்மா, பக்கத்தில் பையனோடு இருந்தவளிடம், "பாத்தா வாத்தியாரு மாதிரி இருக்காரு. சோலி இதாக்கும்!" என்றாள்.

"எத்தற உண்டு?" என்று அதிகாரி அளவு கேட்டார்.

"அரை ஸ்பூன்."

அவர் நம்பவில்லை. திறக்கச் சொன்னார். இரண்டு முனையும் திறந்து கிடந்தால் உள்ளே காய்ந்து கெடும்; கொழுந்தியாளின் காலை அங்கேயே முடிந்துவிடும். ஒரு முனையைச் சற்று நேரம் திறந்தால் ஒன்றும் ஆகாது. அதை அவரிடம் ஏன் சொல்ல வேண்டும்?

"திறக்கலாம். சாட்சி வேணும்" என்றேன் விறைப்பாக.

அவர் கீழே நின்ற சகாவைக் கூப்பிட்டார். நான் ஒரு மூடியைத் திருகி, முனையில் கசிந்த துளியை அவர் உள்ளங்கையில் ஒற்றினேன். சகா கூட்டத்தில் முண்டி வருவதற்குள் துளி ஆவியாகிவிட்டது.

"எவிடே?" என்றார் சகா.

"இவிடே உண்டாயிருந்து" என்று வெறும் கையைக் காட்டினார் அதிகாரி.

"இதுக்கா வண்டிய நிறுத்தினிய? எங்க வீட்டுக் கொசு இதவிடக் கூடக் குடிக்கும்" என்றாள் பலாப்பழ அம்மா.

அதற்குள் நான் மூடிவிட்டேன். அதிகாரி மறுமுனையைக் காட்டினார்.

"தாராளமா. ஆனா அது ஸ்பேனர் இல்லாம வராது. ஆவி தீப்பிடிக்கும், அதனால எல்லாரையும் இறக்கிவிடணும். முறை அப்படி."

"பழத்தத் தூக்கிட்டு நான் இறங்க மாட்டேன்" என்றாள் அம்மா. கண்டக்டர் மணியை இழுத்தார். அதிகாரிகள் இறங்கினார்கள். ஸ்பேனர் என் சட்டைப்பையில்தான் கிடந்தது.

மறுநாள் குழாய் ஒழுங்காக ஓடியது, அரிஷ்டம் தேறியது. கம்பெனிக்காரர் மகிழ்ந்துபோய் எனக்கு ஒரு பெரிய பாட்டில் அரிஷ்டம் கொடுத்தார். அந்தக் குழாயைப் பத்து முறை நிரப்பினாலும் வராத அளவு சாராயம் அதில் உண்டு. அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் என் ஊர் பாறசாலைக்கு வந்து சேர்ந்தேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.