‘சௌகரியமுங்க’ என்றொரு சாட்சியம்

வாசகரே, சாட்சியாக இருங்கள். ஆர்.எஸ்.புரத்து மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் என் தந்தை சொன்ன ஒரு சொல்லை அவர் முகத்துக்கு நேரே நான் மறுத்தேன். அது தகுமா தகாதா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுப்பது எனக்குப் புதிதல்ல. சொற்போர் மேடைகளில், எதிரணியினர் இருக்கைக்குத் திரும்புமுன் அவர்கள் வாதத்தை உடைத்துப் பெயர் வாங்கியவன் நான். ஆனால் அன்னூரில் எங்கள் வீட்டில், பிறர் முன்னிலையில் தந்தையை எதிர்த்துப் பேசும் வழக்கம் கிடையாது. என் நாவன்மை வாசலில் செருப்போடு நின்றுவிடும்.

அப்பாவுக்கு நுரையீரலில் கிருமித்தொற்று. கட்டிலருகே இருந்த திரைகளுள் ஒன்றை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. நாடித்துடிப்பு, இரத்தப் பரிசோதனை, செவிலியர் பதியும் குறிப்புகள் ஆகிய அனைத்தையும் சேர்த்து, நோயாளியின் நிலை மோசமாகக்கூடுமா என்று கணித்து அது நிறத்தில் காட்டும். முன்பு வந்துபோன நோயாளிகளின் பதிவுகளிலிருந்து கற்றுக்கொண்ட கணினி நிரல் என்று மருத்துவர் விளக்கினார்.

“முடிவு எடுக்கறது நாங்கதானுங்க. இது எங்க தோளைத் தட்டிச் சொல்லும், அவ்வளவுதான்.”

அன்று காலை திரையில் மஞ்சள். சிவப்பாக இல்லாததால், அப்பாவைச் சாதாரண வார்டுக்கு மாற்றலாம் என்ற எண்ணத்தோடு மருத்துவர் வந்தார். நானும் என் தாய்மாமனும் கட்டிலருகே நின்றோம்.

“ஏனுங்கய்யா, மூச்சு வாங்குதுங்களா?”

“சௌகரியமுங்கம்மா,” என்றார் அப்பா. “நீங்க… சாப்டீங்களா?”

மருத்துவர் சிரித்துவிட்டார். ‘மூச்சுத்திணறல் இல்லை’ என்று செவிலியர் கணினியில் பதிந்தார்.

“பாத்தியா மாப்ள, எங்க மச்சான் டாக்டரையே விசாரிக்கறாரு! இனி என்ன, ஊட்டுக்கே கூட்டீட்டுப் போலாம்,” என்றார் மாமா.

அப்பா என் பக்கம் திரும்பினார். “தோட்டத்துல… வாழைக்குத் தண்ணி… விட்டாங்களா… கண்ணு?”

வாக்கியத்தை எங்கே நிறுத்துவது, எங்கே மூச்செடுப்பது என்பதே நான் பயின்ற கலை. அப்பா நிறுத்திய இடங்கள் எவரும் நிறுத்தும் இடங்கள் அல்ல. ஒவ்வொரு இடைவெளியிலும் அவர் தோள்கள் மேலெழுந்து இறங்கின. மருத்துவரோ அடுத்த கட்டிலை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார்.

“டாக்டர், அப்பா சொல்றது நெசமில்லீங்க.”

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் எந்த மேடையிலும் பழகியதில்லை.

“டேய், இதென்ன பட்டிமன்றமா?” என்று மாமா என் கையைப் பிடித்தார்.

“மரியாதைக்குச் சொல்றாருங்க டாக்டர். எங்கூர்ல கால் ஒடஞ்சு கெடக்கறவரைக் கேட்டாலும் சௌகரியம்னுதானுங்க சொல்லுவாங்க. அவர நாலு வார்த்தை சேத்துப் பேசச் சொல்லிப் பாருங்க.”

மருத்துவர் திரும்பி வந்தார். அப்பாவைப் பேசவைத்தார், போர்வையை விலக்கி, நெஞ்சின் ஏற்ற இறக்கத்தைக் கடிகாரம் பார்த்து எண்ணினார், பதிவைத் தாமே திருத்தினார். சற்று நேரத்தில் திரை சிவந்தது.

“நாம தப்பாச் சொன்னா இதுவும் நம்பிக்குதுங்க,” என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வார்டுக்கு மாற்றும் பேச்சு அத்தோடு நின்றது. இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று மறுபடி சோதித்தார்கள். முகத்தை இறுகப் பொத்தும் முகமூடி வந்தது, மருந்தும் மாறியது. வார்டில் இருந்திருந்தால் இதைக் கண்டுபிடிக்கத் தாமதமாகியிருக்கும், பிழைப்பதும் கடினமாகியிருக்கும் என்று மருத்துவர் பின்னர் சொன்னார். நிரலைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சரியான சேதி கிடைத்ததும் அது சரியாகவே எச்சரித்தது.

திரை பச்சைக்கு வந்து, அப்பா வார்டுக்கு மாறிய பிறகுதான் என்னோடு பேசினார். மாமா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

“பெத்தவனப் பொய்யன்னு டாக்டரம்மா முன்னாலயே சொல்லிப்போட்டயேடா!”

முழு வாக்கியமும் ஒரே மூச்சில் வந்தது. நான் எழுந்து நின்று, மாமாவுக்கும் கேட்கும்படி சொன்னேன்:

“இனியும் சொல்லுவேனுங்கப்பா. டாக்டர் கேக்கறப்ப நீங்க சௌகரியம்னு பொய் சொன்னா, யாரு முன்னாலன்னாலும் எந்திரிச்சு மறுத்துப்போடுவேனுங்க.”