ஐஸில் நின்ற பேரரசன்

கோயில் மைதானத்தை விட்டு வெளியேறி, பாப்பாரப்பட்டி சாலையில் வேகமாக நடந்துகொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் ஒலிபெருக்கியில் நாடகப் பாட்டு துரத்திக்கொண்டு வந்தது. எங்கே போகிறேன் என்று தெரியாது. இந்த ஊர் வேண்டாம், அது மட்டும் தெரியும். பன்னிரண்டு வயது. பிறகு எத்தனையோ ஊர்களை விட்டு நடந்திருக்கிறேன். முதல் நடை அதுதான்.

மேடையில் அப்பா வெறுங்காலோடு ஐஸின் மேல் நின்றிருந்தார்.

எங்கள் ஊர் மாதா கோயில் திருவிழாவுக்கு வருஷாவருஷம் ஒரே நாடகம். தன்னை எதிர்த்த ஜெர்மானியப் பேரரசனைப் போப்பாண்டவர் திருச்சபையிலிருந்து விலக்கிவிடுவார். விலக்கப்பட்டவனுக்கு அடங்க மாட்டோம் என்று குடிமக்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவன் மலைகளைத் தாண்டிப் போய், கோட்டை வாசலில் பனியில் நின்று மன்னிப்புக் கேட்பான். பனிக்கு, மீன்கடை ஐஸ் கட்டியை உடைத்துக் கொட்டுவார்கள்.

அந்த வருஷம் எங்கள் வீட்டுக்கும் விலக்கு இருந்தது. கிணற்றுத் தகராறை ஊர்க்கூட்டத்தில் வைக்காமல் அப்பா போலீசுக்குப் போய்விட்டார் என்று ஊர்க்கவுண்டர் எங்களை ஒதுக்கிவைத்தார். யாரும் பேசுவதில்லை. அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "ஊரோட சேராத வூட்ல பொண்ணு எடுக்க முடியாதுங்க" என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பினார்கள்.

போப்பாண்டவர் வேஷம் எப்போதும் ஊர்க்கவுண்டருக்குத்தான். ராசா வேஷக்காரர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டதால், நாடகம் பழக்கும் என் தாய்மாமா அப்பாவைக் கொண்டுவந்து நிறுத்தினார். கவுண்டர் முறைத்தார். "மேடையில நிக்கறது ராசாங்க. எங்க மச்சான் வூட்லதான் இருக்காருங்க" என்றார் மாமா.

மழைக்குப் பயந்து பிற்பகலிலேயே நாடகம் தொடங்கியது. ராசா மூன்று பாட்டு பாடியதும் போப்பாண்டவர் வெளியே வர வேண்டும். வரவில்லை. அப்பா பாடியதையே மறுபடி பாடினார். கால்கள் சிவந்து நடுங்கின. "வேணும்னே நிக்க வெக்கறாரு" என்று பக்கத்தில் எவனோ சிரித்தான். நான் எழுந்து நடந்துவிட்டேன்.

மாமாவின் மொபெட் பக்கத்தில் வந்து நின்றது.

"எங்கடா ராசா மவனே, நாட்ட வுட்டே போறியா?"

"அப்பா ஏன் கெஞ்சறாரு?"

"கெஞ்சறதெல்லாம் முடிஞ்சுது, ஏறு. பொம்பளைங்க அத்தன பேரும் எந்திரிச்சு, 'ஏனுங்க போப்பாண்டவரே, வெளிய வாங்க, மனுசன் வெறச்சுப் போறாரு'ன்னு கத்திப்புட்டாங்க. வராம என்ன பண்ணுவாரு?"

ஒதுக்கிவைக்கப்பட்டவரை ஊர்க்கவுண்டர் தன் கையால் சொம்புத் தண்ணீர் கொடுத்துச் சேர்ப்பது எங்கள் ஊர் வழக்கம். போப்பாண்டவர் பேரரசனுக்குத் தண்ணீர் கொடுக்கும் காட்சி ஒன்றை மாமா அந்த வருஷம் புதிதாக நுழைத்திருந்தார்.

"ஊரே பாக்கக் குடுத்தாரு, உங்கப்பன் குடிச்சாரு. இனிமே ஊரோட சேக்கலேன்னு சொல்லச் சொல்லு பாக்கலாம்!"

மைதானத்தில் வெடி போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா கிரீடத்தோடு பெஞ்சில் சாய்ந்திருக்க, அதுவரை பேசாதிருந்தவர்கள் அவர் கால்களைப் போட்டி போட்டுக்கொண்டு தேய்த்தார்கள். அதில் மாப்பிள்ளையின் அப்பாவும் ஒருவர்.

அந்தப் பேரரசன் பின்னாளில் படையோடு போய்ப் போப்பாண்டவரைத் துரத்தினான் என்றார் மாமா. அதை ஏன் நடிப்பதில்லை என்று கேட்டேன். "அத்தன ஆளுக்கு எங்கடா போறது?" என்றார்.

மறுநாள் காலை, மறுபடி உறுதியாகிவிட்ட அக்கா கல்யாணத்துக்கு வீடு வீடாகப் போய் அழைக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். முதலில் ஊர்க்கவுண்டர் வீடு என்றார் அப்பா. நான் சொல்லி முடிக்கும்வரை கவுண்டர் கேட்டார். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு என்னோடு கிளம்பிவிட்டார். ஒவ்வொரு வாசலிலும் எனக்குப் பின்னால் சும்மா நின்றார். ஒரு வீட்டில்கூட வர முடியாது என்று சொல்லவில்லை.

எல்லாம் என் பேச்சுச் சாமர்த்தியம் என்றுதான் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.