பாசிர் ரிஸ்ஸில் பச்சையாகத் தெரிந்த இடம்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வந்திருந்த மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், அன்றிரவு விமானம் ஏறவேண்டும். ஒரு வாரமாகக் காவிரி மீன் புராணம் கேட்டுக் காது புளித்ததில், “இன்னிக்கு டின்னருக்கு நான் புடிக்கிற மீன்தான். யாரும் தேக்கா மார்க்கெட்டுல மீன் வாங்கக் கூடாது!” என்று அறிவித்துவிட்டேன். நான் தூண்டிலைத் தொட்டு எத்தனை வருடம் என்பது தெரிந்த மனைவி, “ஆறு மணிக்குள்ள வந்துடுங்க” என்று மட்டும் சொன்னாள்.

ஏற்பாட்டில் குறை வைக்கவில்லை. கைப்பேசி வரைபடத்தில் கடல் முழுக்க ஒரே நீலம்; முழங்காலளவா, கப்பல் ஓடும் ஆழமா, சொல்லாது. எனவே மாலுமிகள் பார்க்கும் கடல் வரைபடத்தையே நாற்பது சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்கியிருந்தேன். விரித்தால் சாப்பாட்டு மேசை காணாமல் போனது. அத்தனை அழகு! பாசிர் ரிஸ் கரையோரம் ஒரு பச்சைப் பட்டை. இந்த ஊரில் பச்சை என்றால் என்ன? பூங்கா. மரம், நிழல், பெஞ்சு. இடம் முடிவாயிற்று.

காலை 8.40க்கு லிட்டில் இந்தியாவில் ரயில். பூகிஸில் மாறி, பாசிர் ரிஸ் போய்ச் சேர ஐம்பது நிமிடம். கட்டணம் இரண்டு வெள்ளிக்குச் சற்றே கூட. அங்கிருந்து கால் மணி நேர நடை. பத்து மணிக்குப் பச்சைப் பட்டையில் நின்றேன். மரமும் இல்லை, கடலும் இல்லை. சேறும் நண்டும்தான்.

மடக்கு நாற்காலியில் ஒரு அம்மாள் நாசி லெமாக் எனும் தேங்காய்ப்பால் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் மூன்று தூண்டில்கள் சும்மா கிடந்தன. பெயர் சாந்தி, துறைமுகத்தில் வேலையாம். அவர் என்னை அண்ணே என்றார், நான் அவரை அக்கா என்றேன். வயதை இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை.

“மீன் தேடுறீங்களாண்ணே? லீவுல போயிருக்கு. ரெண்டு மணிக்கு மேல வரும் லா.”

வரைபடத்தை நீட்டினேன். “இதுல பார்க்குன்னு போட்டிருக்கேக்கா?”

சிரித்த சிரிப்பில் கரண்டிச் சோறு கீழே விழுந்தது. “பச்சைன்னா தண்ணி வத்துனா வெளிய தெரியிற தரைண்ணே! நீலம் ஆழம் கம்மி. வெள்ளைதான் ஆழம்.”

“வெள்ளை... மை தீந்துபோச்சுன்னு நெனச்சேன்.”

“இவ்ளோ நல்ல மேப் வாங்கிட்டு, ஓரத்துல இருக்குறத படிக்க மாட்டீங்களா?”

படித்தோம். நான் நின்ற இடத்தில் M என்று ஒரு குட்டி எழுத்து. சேறு என்று பொருள். என் செருப்பு முன்பே சொல்லியிருந்தது. பக்கத்திலிருந்த அடிக்கோடிட்ட எண், கடல் வற்றும்போது தரை எவ்வளவு மேலே நிற்கும் என்பதற்கு. அந்தத் தாளில் பொய்யே இல்லை, பார்த்தவனிடம்தான் கோளாறு.

காத்திருந்தேன். மெல்லத் தண்ணீர் ஏறி, இரண்டரைக்கு நண்டுகளின் இடம் கடலானது. 2.50க்கு முதல் கிழங்கான் மீன். நாலரைக்குள் ஆறு! ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க வீட்டு மணியை அடித்தேன்.

நீங்கள் போவதானால் கடல் வரைபடமே வாங்குங்கள், ஆனால் அச்சான ஆண்டைப் பாருங்கள். கடலைத் தூர்த்து வளரும் ஊர் இது. பழைய வரைபடத்தை நம்பினால் யாரோ ஒருவரின் கார் நிறுத்தத்தில் தூண்டில் போடுவீர்கள். அன்றைக்குக் கடல் ஏறி இறங்கும் நேரமும் கையில் இருக்கட்டும். மீன்பிடிக்க அனுமதி உண்டா என்பதைக் கரையிலுள்ள பலகைதான் சொல்லும்.

அன்றிரவு ஆறில் மூன்றை மச்சானே முடித்தார். “எங்க புடிச்சீங்க மாப்ள?” என்று கேட்டார். வரைபடத்தை விரித்துப் பச்சையில் விரல் வைத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“என்ன மாப்ள, பார்க்குலயா மீன் புடிச்சீங்க?”

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. பின்னே, பச்சையைப் பூங்கா என்று நினைக்கிற ஆளும் உலகத்தில் உண்டா!