ரெட்டைக் கார்பரேட்டர் தேடி ஸ்ரீரங்கம் போனது

சென்னைக்கு வடக்கே பழைய விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் நடக்கிறதல்லவா, அதில் எங்கள் காரை ஓட்டிப் பார்க்க வேண்டுமென்று நண்பர் சேவியருக்கு ஆசை. நாங்கள் இருவரும் புதுக்கோட்டையில் பள்ளி ஆசிரியர்கள். கூட்டாக வாங்கிய கார் அது. பதினான்கு வயதான ஆங்கிலேயக் கார், நாற்பத்தெட்டு மைலுக்கு மேல் முக்கினாலும் போகாது. இறக்குமதிக் கட்டுப்பாட்டால் புதுப் பாகம் வருவதில்லை. வந்தாலும் எங்கள் சம்பளத்துக்கு எட்டாது. ஆகவே 1962 மாசியில் ஒரு சனிக்கிழமை, விடிந்ததும் திருச்சிக்குக் கிளம்பினோம். முப்பத்து மூன்று மைல்; வழியில் ஒரு முறை ரேடியேட்டருக்குத் தண்ணீர்.

முதலில் மலைக்கோட்டைக் கடைவீதி. இன்ஜினுக்குப் பொறி கொடுக்கும் பிளக்கும் பிளாட்டினம் பாயின்டும் புதிதாக வாங்கினோம். இவற்றைப் பழையதாக வாங்காதீர்கள். மிச்சம் பிடித்ததை நினைத்து வழியில் நின்று அழவேண்டியிருக்கும். பிறகு பாலக்கரைப் பக்கம் பழைய இரும்புக் கடைகள். அங்கே காதர் பாய் கடையில் ராணுவ லாரியின் கியர் முதல் ஜமீன் காரின் விளக்கு வரை குவிந்து கிடக்கிறது. எங்கள் காருக்குப் பொருந்தும், பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் டைனமோ ஒன்று இருபத்திரண்டு ரூபாய்க்கு அகப்பட்டது; கைவசம் இருக்கட்டும் என்று வாங்கினோம். ஆனால் வேகத்துக்கு வேண்டியது ரெட்டைக் கார்பரேட்டர். பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுப்பது அது; ஒன்றுக்குப் பதில் இரண்டு இருந்தால் இன்ஜின் தாராளமாக மூச்சு விடும்.

“அது என்கிட்ட இல்லீங்க” என்றார் பாய். “ஸ்ரீரங்கத்துல உத்தர வீதியில ஒரு ஐயங்கார் வீட்டு ஷெட்டுல உங்க கார் மாதிரியே ஒண்ணு நிக்குது. அதுல ரெட்டைதான். கேட்டுப் பாருங்க, இன்ஷா அல்லா கொடுப்பாங்க.”

காவிரிப் பாலம் தாண்டி அந்த வீட்டைக் கண்டுபிடிக்கும்போது பத்தரை மணி. கோயிலில் பிரபந்தம் சேவிக்கும் சம்பத் ஐயங்கார்தான் கதவைத் திறந்தார். விஷயத்தைக் கேட்டதும், “அது அவளோட அப்பா கார். அவளைத்தான் கேக்கணும்” என்று உள்ளே பார்த்தார்.

அவர் மனைவி வேதவல்லி வந்தார். நாற்பது வயதிருக்கும், மடிசார்ப் புடவை. எங்கள் காரைச் சுற்றி ஒரு முறை நடந்தார்.

“விலை அப்பறம் பேசலாம். முதல்ல கழட்டி உங்க வண்டியில மாட்டிப் பாருங்கோ. ஓட்டிப் பாக்கறது மட்டும் நான்.”

சேவியர் தயங்கினார். “மாமி, லைசென்ஸ்...”

“இருக்கு.”

“வருஷா வருஷம் தவறாம புதுப்பிக்கறா” என்றார் ஐயங்கார். “எதுக்குன்னு நானும் கேட்டதில்லை.”

மாட்ட இரண்டு மணி நேரம் ஆயிற்று. மாமி ஸ்டியரிங்கைப் பிடித்தார், பக்கத்தில் சேவியர், பின்னால் ஐயங்காரும் நானும். கொள்ளிடம் பாலத்தில் மாட்டுவண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்தோம். டோல்கேட் தாண்டி லால்குடி சாலையில் திரும்பியதும் மாமி ஆக்ஸிலேட்டரை மிதித்தார். ஐம்பது. ஐம்பத்தைந்து. இரு பக்கமும் வயல்கள் பச்சைக் கோடாக ஓடின. அறுபத்திரண்டில் சேவியர் கதவைப் பிடித்துக்கொண்டார். இந்தக் கார் இப்படி ஓடும் என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் ஐயங்கார் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பயந்துவிட்டார் என்று நினைத்தேன். லால்குடி நெருங்கி மாமி வேகத்தைக் குறைத்தபோது அவர் கண்ணைத் திறந்து, “இன்னும் கொஞ்சம் போகலாமே” என்றார்.

வீடு திரும்பியும் மாமி இறங்கவில்லை. இன்ஜினை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“கழட்டிடுங்கோ” என்றார் பிறகு. “இதை நான் குடுக்கறதா இல்லை.”

சேவியருக்கு முகம் சிவந்துவிட்டது. “என்ன மாமி இது! இதுக்காக வெயில்ல ரெண்டு மணி நேரம்...”

“தப்புதான். மாட்டச் சொல்றச்சே குடுத்துடலாம்னுதான் இருந்தேன். ஓட்டினப்பறம் முடியலை.” ஷெட் பக்கம் கையைக் காட்டி, “எங்க வண்டியில டைனமோ போயிடுத்து. நீங்க ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேளே, அதைத் தரேளா?” என்றார்.

நான் சேவியரைப் பார்த்தேன். சேவியர் ஷெட்டில் நின்ற காரைப் பார்த்தார். நேராகப் போய் அந்தக் காரின் பானட்டைத் தூக்கினார். கார்பரேட்டரைத் திரும்ப அங்கே பொருத்தி, எங்கள் டைனமோவை வாங்கிய விலைக்கே கொடுத்து, அதையும் அவரே மாட்டினார். அந்தி சாயும் நேரத்தில் அந்தக் கார் புகை கக்கி, இருமி, ஓடத் தொடங்கியது. தெருவே எட்டிப் பார்த்தது. மாமி சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன். ஐயங்கார் எங்களுக்குத் தயிர்சாதம் போட்டு அனுப்பினார்.

பந்தயத்தில் ஒற்றைக் கார்பரேட்டரோடுதான் ஓடினோம். எங்களுக்குப் பின்னால் வந்தவை இரண்டு. அவற்றில் ஒன்று தள்ளிக்கொண்டு வரப்பட்டது. சேவியருக்கு அதிலும் சந்தோஷம்தான்.

பாகம் தேடித் திருச்சி போகிறவர்களுக்குச் சில வார்த்தை. வெள்ளிக்கிழமை வேண்டாம், நடுப்பகலில் தொழுகைக்காகப் பல கடைகள் மூடிவிடும். பழைய கார்பரேட்டரை வாங்குமுன் உள்ளே போகும் தண்டை ஆட்டிப் பாருங்கள், லொடலொடத்தால் திரும்ப வைத்துவிடுங்கள். பிரேக் சம்பந்தப்பட்ட எதையும் பழையதாக வாங்காதீர்கள். ஸ்ரீரங்கத்தில் ஒரு ரெட்டைக் கார்பரேட்டர் இருக்கிறது என்று பாய் இன்னும் யாரிடமாவது சொல்லக்கூடும். வீண் அலைச்சல்; காலையில் போனால் ஷெட் காலியாகத்தான் இருக்கும். லால்குடி சாலையில் வேண்டுமானால் அந்தக் காரைப் பார்க்கலாம், ஆனால் எட்டிப் பிடிக்க முடியாது.