கும்பிடு போடும் இயந்திரக் கை

பேராதனையில் இன்று கண்காட்சி. போன வருடம் கலஹாவில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் என் அம்மாவின் கையில் சென்சர் மாட்டி, அசைவுகளைப் பதிந்துகொண்டு போன கலைஞர், அதை வைத்து ஓர் இயந்திரக் கை செய்திருக்கிறார்.

அது பறிக்கிறது, முதுகுக் கூடையில் போடுவதுபோல் தோளுக்குப் பின்னால் வீசுகிறது. நடுநடுவே தரைவரை தாழ்ந்து எழும்புகிறது.

"மெஷினும் மண்ணைக் கும்பிடுது. இதுதான் மனுசனுக்கும் மெஷினுக்கும் உள்ள உறவு," என்று அவர் விளக்க, கூட்டம் கைதட்டியது.

அம்மா சொன்னார்: "அது கும்புடு இல்லீங்க. அன்னைக்கு கால்ல அட்டை கடிச்சிச்சி. குனிஞ்சு புடுங்கிப் போட்டேன்."

கலைஞரின் காதில் அது விழவில்லை.

பக்கத்தில் வைத்திருந்த விளக்கப் பலகையில் மோட்டார் செய்த கம்பெனிக்குக்கூடப் பெயர் இருக்கிறது. அம்மா வெறும் "தொழிலாளி".

அன்றைக்கு அம்மாவிடம் உறிஞ்சியது இரண்டு அட்டை. ஒன்றைத்தான் புடுங்கினார். மற்றது கழன்று விழ எங்கே உப்பு வைப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.