நிறுத்த முடியாத மணி

ஒடுகத்தூரில் பஸ்ஸுக்கு நின்றபோது, விலை குறைந்த ஒரு புதிர் விளையாட்டைப் பற்றி ஆடியவர்கள் எழுதிய கருத்துகளைப் போனில் படித்தேன். அதில் பனிமூட்டத்தில் தொலைந்த மாட்டைத் தேட வேண்டும். "மாட்டு மணி ஓயவே மாட்டேங்குது, நிறுத்தவும் வழியில்ல" என்று பலர் திட்டியிருந்தார்கள். வாங்கித் திறந்தேன். மணி கேட்டது.

என் சின்ன வயதில் ஜவ்வாது மலையில் எங்களுக்கு இருந்தது ஒரே பசு. பக்கத்து நிலத்துக்காரரின் கொல்லையில் அது சாமைப் பயிரை மேய்வது தெரியக்கூடாதென்று அப்பா இரவில் அதன் மணிக்குள் புல்லைத் திணித்து அங்கே விடுவார். ஒருநாள் காலையில் புல்லை எடுக்க மறந்து பசுவை மேய்ச்சலுக்கு விட்டார். பனி இறங்கியது. பசுவைக் காணோம்.

கொல்லைக்காரரும் எங்களோடு தேட வந்தார். "இன்னாப்பா, மணி கட்டலியா?" என்றார். அப்பா வேகமாக முன்னால் நடந்தார்.

பனி விலகியதும் பார்த்தோம். வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், பள்ளத்தில் விழுந்து செத்துக் கிடந்தது. கொல்லைக்காரர் குனிந்து மணியிலிருந்து புல்லை உருவினார். அப்பா பக்கம் திரும்பினார்.

"புள்ளைங்க பால் குடிக்கிற வூடு. என்னாண்ட கேட்டிருந்தா நானே மேய வுட்டிருப்பேனே."

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து நானும் ஒரு கருத்து எழுதினேன்: "மணி அடிக்கட்டும். நிறுத்த வேணாம்."